மின் அழுத்தமும் வால்வின் குரலும்

சென்ற ஆண்டு மார்கழி மாதம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர் கிதார் வாசிக்க முன்வந்தார். அவருடைய பெருக்கி இக்காலத்துப் பெட்டி அன்று. வால்வுகளைக் கொண்டு இயங்கும் பழைய அமெரிக்கப் பெட்டி. அமெரிக்காவில் பணிபுரிந்து திரும்பிய அவருடைய மாமா அன்போடு தந்தது. நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரத்தைப் பாதியாக்கித் தரும் சிறு மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்து அதை இயக்கி வந்தார்.

ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, "அண்ணா, இந்தப் பெட்டிக்கு மாலையில் ஒரு குரல், நள்ளிரவில் ஒரு குரல். ஏழு மணிக்கு வாசித்தால் சோர்ந்து கம்முகிறது. பன்னிரண்டு மணிக்கு வாசித்தால் மணிபோல் ஒலிக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் அறுபது ஹெர்ட்ஸ், இங்கே ஐம்பது. இந்த ஊர்க் கரண்ட் இதற்கு ஒத்துவரவில்லை. விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

நான் இயற்பியல் மாணவன். சிரித்துவிட்டேன். "மின்சாரம் பெட்டியை இயக்கும், பாட்டைப் பாடாது. இரவின் அமைதியில் எதுவும் இனிமையாகத்தான் கேட்கும். இது மனத்தின் மயக்கம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அத்தீர்ப்பு தவறு என்பதை இரண்டே நாளில் உணர்ந்தேன். அவர் காது கண்டது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் உண்மையன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்த வரலாறே இக்கட்டுரை.

அளந்து பார்த்தோம்

அறிவியலில் வாதத்தை முடிப்பது அளவுகோல் அன்றோ? விடுதி அறையின் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு 204 வோல்ட். நள்ளிரவில் 236 வோல்ட். காரணம் வெளிப்படை. வடநாட்டுக் குளிரில் மாலை வந்ததும் அறைதோறும் ஹீட்டர் எரிகிறது. வாளிதோறும் தண்ணீர் காய்கிறது. தெருமுனை மின்மாற்றியிலிருந்து விடுதிவரை வரும் கம்பிக்கும் மின்தடை உண்டு. ஓட்டம் மிகுந்தால் கம்பியிலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். எல்லோரும் உறங்கியபின் அந்தச் செலவு குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது.

அதே மீட்டரில் அதிர்வெண்ணையும் பார்த்தேன். மாலையிலும் நள்ளிரவிலும் ஐம்பதை ஒட்டியே நின்றது. வியப்பன்று. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்வலையும் மற்ற மாநிலங்களின் மின்வலையோடு இணைந்து, இந்தியா முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒரே வலையாயிற்று. 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ்வரை என்னும் குறுகிய எல்லைக்குள் அதை நிறுத்துவதே விதி.

இங்கே ஓர் எளிய தருக்கம் உண்டு. மாலைக்கும் இரவுக்கும் இடையே குரல் மாறுகிறது, அழுத்தமும் மாறுகிறது, அதிர்வெண் மாறவில்லை. மாறாத ஒன்று மாற்றத்துக்குக் காரணமாக முடியாது. ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது அழுத்தத்தையே.

வால்வு வேலை செய்யும் விதம்

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். அதனுள் சூடாக்கும் இழை ஒன்று உண்டு. அது எதிர்மின்வாயை ஏறக்குறைய 1000 கெல்வின் வெப்பத்துக்குக் கொண்டுபோகிறது. சூடேறிய எதிர்மின்வாய் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே நிற்கும் நேர்மின்வாய்க்குப் பல நூறு வோல்ட் அழுத்தம் கொடுத்தால், அவை அதை நோக்கிப் பாய்கின்றன. ஃபிளெமிங் 1904இல் அமைத்த வால்வு இவ்வளவுதான். 1906இல் டி ஃபாரஸ்ட் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது உறுப்பாகக் கிரிட் என்னும் கம்பிவலையைச் சேர்த்தார். வாய்க்காலின் மடையைச் சற்றே அசைத்தால் வயலுக்குப் பாயும் நீர் பெரிதும் மாறுவதுபோல, கிரிட்டில் ஏற்படும் சிறு அழுத்த மாற்றம் நேர்மின்வாய்க்குப் பாயும் ஓட்டத்தைப் பெரிதும் மாற்றுகிறது. கிதார்க் கம்பியின் சிற்றதிர்வு ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் பேரோட்டமாவது இவ்வாறே.

இப்பொழுது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழைக்கு வேண்டிய 6.3 வோல்ட்டும், நேர்மின்வாய்க்கு வேண்டிய 400 வோல்ட்டும், கிரிட்டை அடக்கி வைக்கும் எதிர் அழுத்தமும் எங்கிருந்து வருகின்றன? மூன்றும் பெட்டிக்குள் இருக்கும் ஒரே மின்மாற்றியின் சுற்றுகளிலிருந்து வருகின்றன. நம் கைப்பேசி மின்னூட்டிபோல அழுத்தத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் ஏற்பாடு பழைய பெருக்கிகளில் பெரும்பாலும் இல்லை. சுவரில் பத்து விழுக்காடு ஏறினால் மூன்றும் ஏறக்குறையப் பத்து விழுக்காடு ஏறும்; இறங்கினால் மூன்றும் இறங்கும். சுவரின் பிளக்கிலிருந்து வால்வின் நேர்மின்வாய்வரை ஒரே கயிறு கட்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

தாழ்ந்த கூரை

நெட்டையான மனிதர் ஒருவர் ஒரு வீட்டில் குதித்து ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரை உயரமாக இருந்தால் தடையில்லை. கூரை தாழ்ந்தால் தலை இடிக்கும். நேர்மின்வாய்க்குக் கிடைக்கும் அழுத்தமே பெருக்கியின் கூரை. ஒலியலையின் உச்சி அதற்குமேல் எழ முடியாது. மெல்ல வாசிக்கும்போது அலை கூரையைத் தொடுவதில்லை. அப்பொழுது மாலைக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடு தோன்றாது. ஓங்கி மீட்டும்போதே அலையின் உச்சி கூரையில் மோதித் தட்டையாகிறது. உச்சி தட்டையான அலையில், மூல சுரத்தோடு முன்பு இல்லாத மேற்சுரங்கள் வந்து சேர்கின்றன. ஒலியின் பண்பை முடிவு செய்வன மேற்சுரங்களே என்பது பள்ளியில் படித்தது. கிதார்க் கலைஞர்கள் பெரிதும் விரும்பும் கரகரப்பு இதுதான். வால்வு இந்த மோதலைச் சட்டென்று வெட்டாமல் படிப்படியாக மழுக்குவதால், அது காதுக்கு இதமாக இருக்கிறது.

கூரை தாழ்ந்தால் ஒலி குறையுமா? கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். கரகரப்பின்றித் தரக்கூடிய உச்சத் திறன், அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 236இலிருந்து 204 ஆவது ஏறக்குறைய 14 விழுக்காட்டு இறக்கம். திறன் நூற்றுக்கு 75 ஆகிறது. கால் பங்கு போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் டெசிபெல் கணக்கில் இது 1.3 மட்டுமே. ஒரு டெசிபெல் வேறுபாட்டைக் காது அரிதாகவே உணரும். ஆகவே ஒலியின் அளவு குறைந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். "கை வைத்த உடனே கம்முகிறது" என்றுதான் சொல்வார்கள். நண்பர் சொன்னதும் இதே சொல்தான்.

மற்றுமொரு மாற்றமும் நிகழ்கிறது. வால்வில் பாயும் ஓட்டம், அழுத்தத்தின் ஒன்றரை மடியைப் பொறுத்தது என்பது சைல்டு 1911இலும் லாங்மியூர் 1913இலும் கண்ட விதி. எல்லா அழுத்தங்களும் 14 விழுக்காடு இறங்கினால், ஒலி இல்லாத வேளையில் வால்வில் பாயும் ஓட்டம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறையும். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்த பெருக்கமாகிய வெப்பம் 30 விழுக்காடு குறையும். நண்பரின் பெட்டியில் இரண்டு 6எல்6 வால்வுகள் மாறிமாறி வேலை செய்கின்றன. ஒன்று அலையின் மேற்பாதியையும் மற்றது கீழ்ப்பாதியையும் சுமக்கிறது. அடிப்படை ஓட்டம் குறைந்தால், ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குப் பல்லக்கு மாறும் இடத்தில் ஒரு குலுங்கல் உண்டாகிறது. மெல்லிய சுரங்களில் தோன்றும் சொரசொரப்புக்கு இது ஒரு காரணம்.

இதற்கு மாறாக அழுத்தம் பத்து விழுக்காடு கூடினால், வால்வின் வெப்பம் 27 விழுக்காடு கூடும். குரல் விறைப்பும் தெளிவும் பெறும். வால்வின் ஆயுள் குறையும். 1950களிலும் 60களிலும் 117 வோல்ட்டுக்கு என்று கட்டிய அமெரிக்கப் பெருக்கிகள், இன்று 120 வோல்ட்டும் அதற்கு மேலும் வரும் வீடுகளில் சற்றுச் சூடாகவே இயங்குகின்றன.

கண்ணைக் கட்டிய சோதனை

கணக்கு ஒத்துவந்தாலும், காது உண்மையிலேயே கண்டறிகிறதா என்பதைச் சோதிக்க விரும்பினேன். நம் ஆய்வுக்கூடங்களில் டிம்மர்ஸ்டாட் என்று வழங்கும் மாறு மின்மாற்றியை ஆசிரியரின் அனுமதியோடு வாங்கிவந்தேன். குமிழைத் திருப்பினால் வேண்டிய அழுத்தம் கிடைக்கும். நள்ளிரவில், பெருக்கிக்குச் செல்லும் அழுத்தத்தை 118 வோல்ட்டிலும் 102 வோல்ட்டிலும் மாற்றிமாற்றி வைத்தேன். மாலையிலும் இரவிலும் அந்தப் பெட்டிக்குக் கிடைத்த அளவுகள் இவையே. ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே அளவை முடிவு செய்தேன். இழையின் சூடு நிலைபெற இரண்டு நிமிடம் காத்திருந்தோம். நண்பர் எனக்கு முதுகு காட்டி அமர்ந்து, பெருக்கியின் குமிழ் எதையும் தொடாமல், ஒரே பாட்டின் ஒரே அடியை வாசித்து, "மாலை" அல்லது "இரவு" என்று சொன்னார்.

பன்னிரண்டு முறையில் பதினொரு முறை சரியாகச் சொன்னார். குருட்டாம்போக்கில் சொல்பவர் இந்த அளவுக்கோ இதற்கு மேலோ வெல்வது ஏறக்குறைய முந்நூறில் ஒரு முறைதான் நேரும். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையாக, "பரவாயில்லை அண்ணா, தவறிய ஒன்று உங்களுக்காக" என்றார்.

அப்பொழுதுதான் ஒரு மணம் எழுந்தது. சூடேறிய வார்னிஷின் மணம்.

வேறொரு குற்றம்

உடனே இணைப்பை எடுத்துவிட்டோம். பெட்டியின் பின்புறத் தகட்டைக் கைவிளக்கு கொண்டு படித்தேன். "117 வோல்ட், 60 சைக்கிள்" என்று பொறித்திருந்தது. அழுத்தம் 118 தானே, ஒரு வோல்ட்டில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். குறை அழுத்தத்தில் இல்லை. குரல் மாற்றத்தில் குற்றமற்றது என்று நான் விடுவித்த அதிர்வெண், அதே இரவில் வேறொரு குற்றத்தில் பிடிபட்டது.

மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் ஒரு திசையில் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு நேரம் பாயம் வளர்ந்துகொண்டே போகும். அறுபது ஹெர்ட்ஸில் ஓர் அரைச் சுற்று 8.33 மில்லி விநாடி. ஐம்பதில் 10 மில்லி விநாடி. மெதுவாகத் திசைமாறும் மின்சாரத்தில் பாயம் வளர அதிக நேரம் கிடைக்கிறது. சுருங்கச் சொன்னால், பாயத்தின் உச்சம் அழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்த ஈவைப் பொறுத்தது. 117ஐ 60ஆல் வகுத்தால் 1.95. அமெரிக்க மின்மாற்றியின் இரும்பு இந்த அளவுக்கு வெட்டப்பட்டது. 118ஐ 50ஆல் வகுத்தால் 2.36. பாயம் 21 விழுக்காடு மிகுதி. குடம் நிரம்பியபின் நீர் வழிவதுபோல, இரும்பு தெவிட்டிய நிலையை அடைந்ததும் சுற்றுகளில் பயனற்ற பேரோட்டம் பாய்ந்து வெப்பமாகிறது.

மாலையில் என்ன நிலை? 102ஐ 50ஆல் வகுத்தால் 2.04. மிகுதி ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. பெட்டி சோர்ந்து கம்மிய மாலையில் மின்மாற்றி ஓரளவு பிழைத்துக்கொண்டது. மணிபோல் பாடிய நள்ளிரவிலோ உள்ளே வெந்துகொண்டிருந்தது! நண்பர் நல்ல குரலை நாடி நள்ளிரவுப் பயிற்சியை வழக்கமாக்கிக்கொள்ள இருந்தார். இன்னும் ஒரு மாதம் சென்றிருந்தால் மாமா தந்த பெட்டி கரிந்திருக்கும்; உறங்கும் விடுதிக்கே ஆபத்து நேர்ந்திருக்கவும் கூடும்.

ஆகவே வெளிநாட்டுப் பெட்டிக்கு அழுத்தத்தை மட்டும் பொருத்தினால் போதாது. அழுத்தம் குறைக்கும் மின்மாற்றி அதிர்வெண்ணை மாற்றாது. தகட்டில் "50/60" என்று இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஜப்பானில் இந்தச் சிக்கல் ஒரே நாட்டுக்குள் இருக்கிறது. தோக்கியோவுக்கு 1895இல் ஜெர்மனியின் ஐம்பது ஹெர்ட்ஸ் எந்திரமும், ஒசாக்காவுக்கு 1896இல் அமெரிக்காவின் அறுபது ஹெர்ட்ஸ் எந்திரமும் வந்தன. இன்றும் கிழக்கில் ஐம்பது, மேற்கில் அறுபது. ஆதலின் ஐம்பதைத் தாங்குமாறு இரும்பைப் பெரிதாக வைத்தே அங்கு மின்மாற்றி செய்கிறார்கள். ஐம்பதைத் தாங்குவது அறுபதையும் தாங்கும். அறுபதுக்கென்று மட்டும் செய்தது ஐம்பதைத் தாங்குமென்று நம்ப முடியாது.

ஐந்து கட்டை உறுமல்

அப்படியானால் அதிர்வெண் நாதத்தைத் தொடுவதே இல்லையா? முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். சுருதி மாறவே மாறாது. கிதாரின் சுருதி கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் எடையையும் பொறுத்தது. பெருக்கி அதை மாற்றுவதில்லை. 1935இல் விற்பனைக்கு வந்த ஹேமண்ட் ஆர்கனின் கதை வேறு. அதன் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. அறுபதுக்குச் செய்ததை ஐம்பதில் இயக்கினால், எல்லாச் சுரங்களும் ஆறில் ஐந்து பங்காக இறங்கும். ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தொலைவு அது. பெருக்கியில் அத்தகைய மோட்டார் இல்லை.

ஆனால் உறுமல் உண்டு. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது, ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு துடிப்பு வீதம் நூறு ஹெர்ட்ஸ் துடிப்பு எஞ்சுகிறது. அமெரிக்காவில் அது 120. இத்துடிப்பை விழுங்குவதற்காகவே மின்தேக்கிகள் உள்ளன. 40 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், அறுபது ஹெர்ட்ஸில் துடிப்பு ஏறக்குறைய 21 வோல்ட்; ஐம்பதில் 25 வோல்ட். அடுத்த நிரப்புதலுக்கு மின்தேக்கி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருப்பதே காரணம். ஆகவே அதே பெட்டி இங்கே சற்று அதிகமாக உறுமும்.

இந்த உறுமலுக்கும் ஒரு சுருதி உண்டு. மேல்நாட்டார் ஜி என்னும் சுரம் 98 ஹெர்ட்ஸ். நம்மவர் கணக்கில் ஜி என்பது ஐந்து கட்டை. நூறு ஹெர்ட்ஸ் அதற்கு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்கிறது. இந்திய மின்சாரம் ஐந்து கட்டையில் சற்றே ஏறிப் பாடுகிறது எனலாம். அமெரிக்காவின் 120 ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில், எந்தச் சுரத்தோடும் சேராமல் நிற்கிறது. கிதார் வைத்திருப்போர் இதைத் தாமே கேட்கலாம். தடித்த கம்பியின் மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்து மீட்டினால் 98 ஹெர்ட்ஸ் எழும். அது உறுமலின் நூறோடு கூடும்போது விநாடிக்கு இரண்டு விம்மல் கேட்கும். 1990களில் தென்மாநில மின்வலையின் அதிர்வெண் 49க்குக் கீழே இறங்குவது வழக்கம். 49ஐத் தொட்ட வேளைகளில் உறுமல் சரியாக 98இல், ஐந்து கட்டையிலேயே நின்றிருக்கும்!

ஓங்கி வாசிக்கும்போது இத்துடிப்பு வாசிக்கும் சுரத்தோடும் கலக்கிறது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தோடு நூறு கலந்தால் 340, 540 என்னும் இரு நிழற்சுரங்கள் தோன்றும். அமெரிக்காவில் அவை 320, 560. இவை பாட்டோடு உறவில்லாதவை. கூர்ந்து கேட்போர்க்கு முள்போல் உறுத்தும். மின்தேக்கி முதுமையடைந்து கொள்ளளவு குறைந்த பெட்டிகளில் இவை மிகும். நல்ல மின்தேக்கி இருந்தால் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

குறையா, குணமா?

இவ்வளவும் அறிந்தபின், குறைந்த அழுத்தம் கெட்டது, நிறைந்த அழுத்தம் நல்லது என்று முடிவு கட்டலாமா? இசை அதற்கு இடம் தருவதில்லை. 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட எட்டி வான் ஹேலன், நம் டிம்மர்ஸ்டாட் போன்ற கருவியால் தம் நூறு வாட் பெருக்கியின் அழுத்தத்தை வேண்டுமென்றே ஏறக்குறைய 90 வோல்ட்டுக்கு இறக்கி வாசித்தவர். கூரை தாழ்ந்ததால், மிகுதியான ஒலி எழுமுன்பே அவர் விரும்பிய கரகரப்பு கிடைத்தது. நம் விடுதியில் ஹீட்டர்கள் செய்த வேலையை அவர் கைக்குமிழால் செய்தார். எனினும் இதை அப்படியே பின்பற்றலாகாது. இழையின் 6.3 வோல்ட்டிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகுவது வால்வுக்கு நல்லதன்று. நண்பரின் பெட்டியில் மாலைநேர இழையழுத்தம் 5.5 என்று கணக்கிட்டேன். அது அந்த எல்லைக்கு வெளியே.

அழுத்தத்தைக் கூட்டினால் குரல் இன்னும் தெளியுமே என்று பெட்டியின் அளவுக்கு மேலே ஏற்றிப் பார்ப்பது அதைவிடத் தீது. வால்வு, மின்தேக்கி, மின்மாற்றி மூன்றுக்கும் அது கேடு.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். பிளக்கிலிருந்து எடுத்த பின்னும் வால்வுப் பெருக்கியின் மின்தேக்கிகளில் 400 வோல்ட் தங்கியிருக்கக் கூடும். அது உயிரைக் கொல்லும். பெட்டியைத் திறப்பது பழகியவர் வேலை. நாங்கள் சுவரிலும் டிம்மர்ஸ்டாட்டிலும் அளந்தோமேயன்றி உள்ளே கைவைக்கவில்லை. பழைய அமெரிக்கப் பெட்டிகள் சிலவற்றில் நிலக்கம்பி இல்லாத இரண்டு முனைப் பிளக்கே இருக்கும். கிதாரின் கம்பிகள் பெட்டியின் உலோகத்தோடு இணைந்தவை என்பதால், மூன்று முனைப் பிளக்கும் நிலக்கம்பியும் பொருத்திய பின்பே கிதாரைத் தொட வேண்டும்.

விழா நாள்

நண்பர் பெட்டியை விற்கவில்லை. ஊரின் பழைய கடைவீதியில் மின்மாற்றி சுற்றும் முதியவர் ஒருவர், பெரிய இரும்பு உள்ளகத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு என்று புதிதாகச் சுற்றித் தந்தார். நிலக்கம்பியையும் அவரே பொருத்தினார். ஒரு மணி நேரம் இயக்கிய பிறகும் அது கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. இடையில் வைத்த சிறு மின்மாற்றிக்கு ஓய்வு கொடுத்தோம். பொங்கல் விழாவன்று மேடை விளக்குகள் எரிந்தபோது சுவரில் 207 வோல்ட்தான் வந்தது. ஸ்டெபிலைசர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்ததால் பெட்டி தளரவில்லை. நண்பர் வாசித்த பாட்டுக்குக் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

மறுநாள் அவர் சொன்னதுதான் எனக்குப் புதிய பாடம். "மேடைக்குத் தெளிந்த குரல் வேண்டும் அண்ணா. ஆனால் அறையில் தனியாக வாசிக்கும்போது அந்தக் கம்மலும் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. அழுத்தத்தை அளவோடு இறக்கித் தரும் கருவி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார். எது நல்ல நாதம் என்று இயற்பியல் சொல்லாது. எந்த நாதம் எதனால் எழுகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் சொல்லும்.

காது ஒன்றைக் கேட்டதாகச் சொன்னால், அதை மயக்கம் என்று தள்ளுவதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும். காரணம் இன்னது என்று அது சொன்னாலும், நம்புவதற்கு முன் அதே மீட்டரை எடுக்க வேண்டும். இப்பொழுதெல்லாம் நண்பர் கிதாரை எடுக்கும்முன் என் அறைக்கு வந்து மல்டிமீட்டரை வாங்கிச் செல்கிறார். சில நாட்களாக அதைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை.